சூட்டில் திருப்பிய சாவி

அன்செல்மோ குளவியைக் கொடுக்கப்போகிறார் என்ற பேச்சு கிளம்பியபோது எங்கள் சலினாஸ் ஊரில் ஒருத்தரும் நம்பவில்லை. "போடா, அந்த மனுசன் வீட்டு வாசக்கதவ வேணா கழட்டி விப்பாரு, குளவிய விக்கமாட்டாரு" என்று டயர் கடையில் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஓவிதியோவும் ஒருவன். அந்தக் காரை வாங்கப்போவது தன் பெண்டாட்டிதான் என்று அப்போது அவனுக்குத் தெரியாது, பாவம்.

குளவி, எழுபத்தாறாம் வருஷத்து டொயோட்டா கொரோலா. டொயோட்டா என்று சொல்லிக்கொள்ள அதில் மிச்சம் இருந்தது கூரையும் இரண்டு கதவும்தான். உள்ளே உட்கார்ந்திருந்தது மாஸ்டாவின் சுழல் என்ஜின். அதில் பிஸ்டன் ஏறி இறங்குகிற சோலியே கிடையாது. முட்டைபோன்ற கூடுகளுக்குள் முக்கோணத் துண்டுகள் கிடந்து சுற்றும். பானெட்டில் ஓட்டை போட்டு டர்போ வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. பின்சீட்டு இருந்த இடத்தில் இரும்புக் கூண்டு. பின்சக்கரங்கள் உரல் பருமன். அவற்றுக்கு இடம் கொடுக்க வண்டியின் வயிற்றையே அறுத்திருந்தார் அன்செல்மோ. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டைகள். உலகத்தில் மற்ற இடங்களில் இந்த என்ஜினைச் சீண்ட ஆள் கிடையாதாம், அற்பாயுசு என்பார்களாம். எங்கள் தீவில் அதற்குப் பெயர் வைத்து, பிறந்தநாள் கொண்டாடாத குறைதான்.

ஓவிதியோவின் பெண்டாட்டி நெரெய்தா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோழி கூவுமுன் எழுந்து, கறுப்புக் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, சாந்தா இசபெல் பக்கத்துச் சந்துபொந்தெல்லாம் நுழைந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வருவாள். பஸ்ஸுக்குள் ஒரு வாலும் வாலாட்ட முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் பந்தயத் தடம். இரும்புக்கடை நெல்சனின் காரை அவள்தான் பல வருஷமாக ஓட்டிவந்தாள். கார் அவனுடையது, கையும் காலும் இவளுடையது. ஜெயித்த கோப்பைகளெல்லாம் அவன் கடைக் கண்ணாடி அலமாரியில், ஆணி டப்பாக்களுக்கு மேலே இருந்தன. இந்த வருஷம் அவன் அந்த இருக்கையைத் தன் அக்கா மகனுக்குக் கொடுத்துவிட்டான். நேரில் வந்து சொல்ல வாய் வரவில்லை. போனில் குரலைப் பதிந்து அனுப்பிவிட்டான். நெரெய்தா நிறுத்தின பஸ்ஸில் உட்கார்ந்து அதைக் கேட்டாள். பிறகு ஏற்கெனவே கூட்டியிருந்த பஸ்ஸை மறுபடியும் ஒருதரம் கூட்டினாள்.

"இனிமே ஒருத்தன் கார்ல ஏறமாட்டேன். ஓட்டினா என் கார். இல்லன்னா பஸ்ஸே போதும்" என்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள்.

"சரி, துவரஞ்சோறு ஆறுது, சாப்பிடு" என்றான் ஓவிதியோ. கோபத்தில் சொல்கிறாள், விடிந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தான். இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியும் அவனுக்கு அவளைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்திருந்தது.

அன்செல்மோ அவர்களுக்குக் கொம்பாத்ரே. மகள் கெய்ஷ்லா பிறந்து ஞானஸ்நானம் நடந்தபோது கோயிலில் கையில் ஏந்தி நின்று ஞானத்தகப்பன் ஆனவர். அன்றுமுதல் அவர் இவர்களுக்குக் கொம்பாத்ரே, ஓவிதியோவும் அவருக்குக் கொம்பாத்ரே, நெரெய்தா கொமாத்ரே. கூடப்பிறந்தவனோடு அடித்துக்கொள்ளலாம், மாமியாரோடு பேசாமல் இருக்கலாம். கொம்பாத்ரேயோடு அந்தக் கதையெல்லாம் ஆகாது. கெய்ஷ்லா கைக்குழந்தையாக ஜுரத்தில் வெட்டி வெட்டி இழுத்த ஒரு புயல்நாளில், பாலம் போய்விட்ட ஆற்றை மார்பளவுத் தண்ணீரில் கடந்து, பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் அவர். அந்தப் பிள்ளை இப்போது ஒர்லாண்டோவில் நர்சு. ஞாயிறுதோறும் முதலில் ஞானத்தகப்பனுக்குத்தான் போன் போடும், அப்புறம்தான் பெற்றவர்களுக்கு.

அவர் வீடு கடலோரத்தில். போன இரண்டு புயலிலும் கடல் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்குள் வந்துவிட்டது. மழை தூறினால் போதும், அவர் மனைவி செலேனியா தூங்கமாட்டாள். கட்டிலில் உட்கார்ந்து தரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். நெரெய்தாவுக்குக் கொவாமோ மலைமேல் ஒரு துண்டு மனை இருந்தது, அத்தை எழுதிவைத்தது. ஆகவே அன்செல்மோ பணம் கேட்கவில்லை. அந்த மனையைக் கேட்டார். மனைக்குக் கார், காருக்கு மனை.

அந்த மனையில்தான் ஓவிதியோ மனசுக்குள்ளேயே வீடு கட்டி முடித்து, பெயின்ட்கூட அடித்துவிட்டிருந்தான். இப்போது அவர்கள் இருப்பது டயர் கடைக்குப் பின்னால் இரண்டு வாடகை அறை. சுவருக்கு அந்தப்பக்கம் காற்றடிக்கிற எந்திரம் உறுமினால் இந்தப்பக்கம் தட்டில் கரண்டி ஆடும்.

ஓவிதியோ கார்களுக்கு வர்ணம் அடிக்கிறவன். யாரோ ஒருத்தனின் இடிபட்ட கதவை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் விஷயத்தைச் சொன்னாள். கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்த மத்தியானம். அவன் தேய்ப்பதை நிறுத்தவில்லை, வேகமாகத் தேய்த்தான்.

"மண்ணு கிடக்கும்டி. மண்ணு துருப்பிடிக்காது. மண்ணு வெடிக்காது. தடத்துல ஒரு ஓட்டத்தோட புகைஞ்சு போகாது."

"கிடந்து என்ன கிழிச்சுது? வருசா வருசம் போய்ப் புல்லு வெட்டிட்டு வாறோம். புல்லு மட்டும் நல்லா வளருது."

"கட்டுவோம்ல."

"எப்ப?"

அவன் கதவை ஊதித் தூசியைத் தட்டினான்.

"கேக்கிறேன்ல, எப்ப ஓவிதியோ? நீ கட்டுற வீட்டுல பெரிய முற்றம் இருக்கு, காத்து வருது, எல்லாம் சரி. எனக்கு இன்னும் எத்தன வருசம் இந்தக் கையி நடுங்காம இருக்கும்? கட்டினப்புறம் உக்காந்து ஆடுறதுக்கு நாற்காலி வாங்கித் தருவியா?"

"நாற்காலியா? உன்னக் கட்டிப்போடக் கயிறுதான் வாங்கணும்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும் வந்தது. ஆனால் இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படியே ஒரு வாரம் ஓடியது. சோறு வடிக்கையில் ஒரு சண்டை, வாழைக்காயைத் தட்டி எண்ணெயில் போடுகையில் ஒரு சண்டை. கடைசியில் வெள்ளிக்கிழமை ராத்திரி அவன் போர்வையை இழுத்துக்கொண்டு சொன்னான்:

"உங்க அத்தை மண்ணு. உன் பேர்ல இருக்கு. நான் கையப் பிடிக்கல. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"வாங்கினா வாங்கு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லிட்டு வா, அவரு ஒண்ணும் நினைக்கமாட்டாரு. ஆனா சூடாக்கி அணைச்சுப் பாக்கணும்னு மட்டும் வாயத் திறந்துராத. கொம்பாத்ரேகிட்ட அது ஆகாது."

சூடாக்கி அணைத்துப் பார்ப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பால்குடி மறக்காததுக்கும் தெரியும். சுழல் என்ஜினின் உயிர் அந்த முக்கோண முனைகளில் இருக்கிற மெல்லிய தகடுகளில் இருக்கிறது, சீல் என்பார்கள். சீல் தேய்ந்துவிட்டால் என்ஜின் செத்ததற்குச் சமம். ஆனால் சட்டென்று வெளியே தெரியாது. குளிர்ந்து கிடக்கையில் சமர்த்தாகக் கிளம்பும், உறுமும், ஓடும். நன்றாகச் சூடேற்றி, அணைத்து, ஒரு காப்பி குடிக்கிற நேரம் அப்படியே வேகவிட்டு, பிறகு சாவியைத் திருப்பினால்தான் குட்டு உடையும். தேய்ந்த என்ஜின் உர்ர் உர்ர் என்று இழுத்துக்கொண்டே கிடக்கும், கிளம்பாது. அதனால் யார் யாரிடம் வாங்கினாலும் இந்தச் சோதனை உண்டு. சொந்தத் தம்பியிடம்கூட உண்டு. கொம்பாத்ரேயிடம் மட்டும் கிடையாது. கோயிலில் என் பிள்ளையை உங்கள் கையில் கொடுத்துவிட்டு, காருக்கு உங்களை நம்பமாட்டேன் என்று சொல்வதாகிவிடும்.

"கேக்கமாட்டேன்" என்றாள் நெரெய்தா. அப்போது உண்மையாகத்தான் சொன்னாள்.

சனிக்கிழமை காலையில் இருவரும் ஓவிதியோவின் வேனில் போனார்கள். சகாரா மண் கடல் தாண்டி வந்து வானத்தைப் பழுப்பாக்குகிற பருவம். சூரியன் தேய்ந்த காசு மாதிரி தெரிந்தது, தொண்டை கரகரத்தது. அன்செல்மோ வீட்டுச் சுவரில் இடுப்பளவுக்குக் கடல்நீர் வந்துபோன கறை அப்படியே இருந்தது. செலேனியா வாசலில் அடுப்பை வைத்து, கருவாட்டை மாவில் கரைத்து எண்ணெயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். வட்ட வட்டமாக விரிந்து ஓரம் மொறுமொறுத்தது.

"வாங்க கொமாத்ரே, வாங்க கொம்பாத்ரே! கை கழுவாமலே எடுங்க, இங்க எல்லாம் உப்புத்தான்" என்றார் அன்செல்மோ. படகு என்ஜின்களைப் பழுதுபார்க்கிற ஆள். தோள் அகலம், குரல் அதைவிட அகலம். நெரெய்தாவின் நெற்றியில் முத்தம் கொடுத்தார். "நெல்சன் பயலுக்கு என் வாயால ஒரு நல்ல வார்த்த சொல்லணும்னு இருக்கேன், கோயிலுக்கு வெளிய எங்கயாவது மாட்டட்டும்."

அப்புறம் கொட்டகையைத் திறந்து குளவிக்குள் ஏறி சாவியைத் திருப்பினார். உடனே பிடித்துக்கொண்டது. பிடித்ததும் பின்னாலிருந்து வெள்ளையும் நீலமுமாகப் புகை. சாதாரணப் புகையா அது! தெருவே காணாமல் போயிற்று. மூன்றாம் வீட்டுக்காரன் ஜன்னலைத் திறந்து, "ஏ அன்செல்மோ, கொசுமருந்தா அடிக்கிற? இந்தப்பக்கமும் கொஞ்சம் அடி!" என்று கத்தினான்.

அன்செல்மோ சிரித்தபடி இறங்கினார். "பயந்துறாதீங்க கொமாத்ரே. நேத்து என் தம்பி மகன், அந்த யாதியெல் தடியன், காரக் கழுவித் தாறேன்னு நிழலுக்கு நகத்தியிருக்கான். கிளப்பி, பத்தடி உருட்டி, அணைச்சுட்டான். என்ஜின் ஜில்லுன்னு இருக்கையில அப்படிச் செய்யலாமா? முப்பது வயசுக் கழுத, தெரியவேண்டாம்? பெட்ரோல் குடிச்சு மூழ்கிப்போச்சு. பிளக்கக் கழட்டி, ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் ஒரு கரண்டி எண்ணெ விட்டு எழுப்பினேன். அந்த எண்ணெதான் எரியுது."

நெரெய்தா புகை வந்த குழாயையே பார்த்தாள்.

நடக்காத விஷயம் இல்லை. இந்தத் தீவில் சுழல் என்ஜின் வைத்திருக்கிற ஒவ்வொருத்தன் வீட்டிலும் அதை ஒருதரம் மூழ்கடித்த ஒரு தடியன் இருப்பான். வைத்தியமும் அதேதான், ஒவ்வொரு கூட்டுக்கும் ஒரு கரண்டி எண்ணெய். ஆனால் செத்த என்ஜினை விற்கிற திருடனும் அதே எண்ணெயைத்தான் ஊற்றுவான். எண்ணெய் உள்ளே போய்த் தேய்ந்த இடுக்கை அடைத்து, கொஞ்ச நேரத்துக்கு என்ஜினுக்குப் பொய்ப்பலம் கொடுக்கும். இரண்டுக்கும் ஒரே புகைதான். முகத்தை வைத்துத்தான் பிரிக்கவேண்டும். அன்செல்மோவின் முகத்தைப் பார்த்தாள். பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிப்போன அதே முகம்தான். அதைப் பார்த்தும் சந்தேகம் அடங்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஓவிதியோ அவள் முழங்கையைக் கிள்ளினான். கேட்காதே என்று அர்த்தம்.

"கொம்பாத்ரே, ரொட்டி வாங்கணுமே. அப்படியே ஒரு சுத்து ஓட்டிப் பாக்கட்டுமா?" என்றாள்.

"கேக்கணுமா? ஏறுங்க."

ரொட்டிக்கடைக்குப் போனால் காரை அணைக்கத்தானே வேண்டும்? ரொட்டி வாங்கிவிட்டு வந்து கிளப்பத்தானே வேண்டும்? யாரும் யாரையும் எதுவும் கேட்டதாக ஆகாது. தன் புத்தியை அவளே மெச்சிக்கொண்டாள்.

அன்செல்மோ பக்கத்தில் ஏறிக்கொள்ள, ஊர்த்தெருவில் மெல்ல உருட்டிப்போனாள். கரும்புக்காடு இருந்த நேர்ரோடு வந்ததும், "கொஞ்சம் வேகம் காட்டுங்க" என்றார் அன்செல்மோ. காட்டினாள். டர்போ மூச்சிழுக்கிற சத்தம் கேட்டது, அதற்கப்புறம் முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. நெல்சனின் கார் இதன் முன்னால் தள்ளுவண்டி. இரண்டு கைகளிலும் மயிர் சிலிர்த்தது. ஐயோ, இது எனக்கு வேண்டும், இது எனக்கு வேண்டும் என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"அதான் தாறேனே" என்று சிரித்தார் அவர். புகை எப்போதோ நின்றிருந்தது.

ரொட்டிக்கடை வாசலில் நிறுத்தினாள். சாவியில் கை வைத்தாள்.

"அணைக்காதீங்க" என்றார் அன்செல்மோ. "நான் போய் வாங்கிட்டு வாறேன்."

சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். கடையில் கூட்டம். காரைப் பார்க்க நாலு பேர் வெளியே வந்து நின்றார்கள், போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். என்ஜின் சும்மா நிற்கையில் அந்த வகைக்கே உரிய மாதிரி விட்டு விட்டு இடித்துக்கொண்டிருந்தது. நெரெய்தா கடைக்குள் பார்த்தாள். ஏன் அணைக்கவேண்டாம் என்றார்? அணைத்தால் என்னவாகும் என்று அவருக்குத் தெரியும், அதனால்தானே?

அவர் முதுகு கடைக்குள் தெரிந்தது. இப்போது அணைத்துவிட்டு, அவர் வருமுன் திருப்பிப் பார்த்துவிடலாம். வரிசையில் இன்னும் ஆள் இருந்தது. விரல் சாவியில் ஏறி உட்கார்ந்தது. அப்புறம் எடுத்துவிட்டாள். மனுசன் முதுகுக்குப் பின்னால் செய்ய நான் என்ன திருடியா? கேட்டால் முகத்துக்கு நேரே கேட்கவேண்டும், இல்லையென்றால் கேட்காமல் மூடிக்கொண்டு போகவேண்டும். சூடான ரொட்டியோடு அவர் வந்து ஏறியபோது அவள் முடிவுக்கு வந்துவிட்டிருந்தாள்.

வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். என்ஜின் ஓடிக்கொண்டேயிருந்தது. கண்ணாடியை இறக்கினாள்.

"கொம்பாத்ரே, இத இப்ப அணைக்கப்போறேன். ஒரு காப்பி குடிச்சுட்டு, சூட்டுலயே திரும்பக் கிளப்பிப் பாக்கணும்."

செலேனியாவின் கரண்டி எண்ணெய்க்கு மேலேயே நின்றது. ஓவிதியோ கண்ணை மூடிக்கொண்டான்.

"கொம்பாத்ரே, அவளுக்கு வெயிலு தலைக்கேறிருச்சு..." என்று ஆரம்பித்தான்.

"நீங்க இருங்க கொம்பாத்ரே." அன்செல்மோ காரின் கூரையில் கை வைத்துக் குனிந்தார். "எண்ணெ ஏன் விட்டேன்னு சொன்னேன்ல. காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நம்பல."

"நம்புறேன். நம்பிட்டுத்தான் கேக்கிறேன்."

"அதெப்படி? ரெண்டும் ஒரு வாய்ல நிக்குமா?"

"நிக்குது, என்ன செய்ய? நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் சொல்லவே இல்ல. சீலு உங்ககிட்ட சொல்லிட்டா தேயும்? உங்களுக்கே தெரியாம அது போயிருக்கலாம்ல?"

"அப்ப நான் பொய்யன் இல்ல, முட்டாள். அப்படித்தானே?"

"கொம்பாத்ரே, நான் வேற எதுவும் இல்லாதவ. அந்த மண்ணு ஒண்ணுதான். அது போய், இதுவும் படுத்துருச்சுன்னா நான் யார் கார்ல போய் ஏறுவேன்? நெல்சன நம்பித்தான் இத்தன வருசம்..."

"நெல்சனும் நானும் ஒண்ணா?"

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தி, அழுது, கட்டிப்பிடித்து முடிந்திருக்கும்.

"இல்ல" என்றாள்.

"அணைங்க."

அணைத்தாள். இறங்கினாள். சத்தம் போனதும் கடல் கேட்டது.

செலேனியா காப்பி கொண்டுவந்தாள். நாலு பேரும் நாலு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்கள். பானெட்டுக்கு அடியில் சூட்டில் இரும்பு டிக் டிக்கென்று அடித்துக்கொண்டது. பேச்சில்லாமல் இருப்பது செலேனியாவால் ஆகாத காரியம். மெதுவாகக் கேட்டாள்:

"அங்க மலைமேல மரம் ஏதாவது நிக்குதா கொமாத்ரே?"

"ஈரப்பலா ஒண்ணு நிக்குது. நல்லாக் காய்க்கும்."

"காத்து?"

"சாயங்காலமானா நல்லா வரும்."

"தண்ணி வராதுல்ல?"

"வராது. மழ எவ்வளவு பெஞ்சாலும் கீழதான் ஓடும்."

"சரி. நீங்க சொன்னா சரிதான்" என்று கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள் செலேனியா. அவள் முகம் அந்த ஒரு வார்த்தையிலேயே தெளிந்துவிட்டது.

அன்செல்மோ நெரெய்தாவைப் பார்க்காமல் சொன்னார். "நாங்க அந்த இடத்தப் போய்ப் பாக்கவே இல்ல. எனக்கு எந்தப் பக்கம்னுகூடத் தெரியாது. யாதியெல் கேட்டான், பாக்காமலா பெரியப்பா வாங்குறீங்கன்னு. கொமாத்ரே சொல்லிட்டாங்க, வேறென்னடா பாக்கணும்னு விரட்டிவிட்டேன்."

நெரெய்தா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ஒரு கணம், வேண்டாம், சாவியைத் தொடாமல் இப்படியே வாங்கிக்கொண்டு போய்விடுவோம் என்று தோன்றியது. ஆனால் கேட்டது கேட்டாயிற்று. இப்போது திருப்பாமல் விட்டால் அவமானமும் படுத்தி, சந்தேகத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோனதாக ஆகும். அதைவிடக் கேவலம் உண்டா?

"வாங்க, இப்பவே கூட்டிட்டுப் போறேன்" என்றாள். "நின்னு பாருங்க. தோண்டிப் பாருங்க. அக்கம்பக்கத்துல கேளுங்க. நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன்."

"நீங்க நினைக்கமாட்டீங்க" என்றார் அவர். "கிளப்புங்க. ஆறிடப்போகுது."

அவள் ஏறி உட்கார்ந்தாள். ஓவிதியோ மட்டும் கிட்ட வந்தான். எது வந்தாலும் பக்கத்தில் நிற்கிற மாதிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவளுக்கு ஒன்று விளங்கியது, விளங்கியதும் பகீரென்றது. இது கிளம்பக்கூடாது என்று ஓர் ஓரத்தில் மனசு வேண்டிக்கொண்டிருந்தது. கிளம்பாவிட்டால் கேட்டது நியாயம் என்று ஆகிவிடும் அல்லவா? காரை இழந்தாலும் பரவாயில்லை, நியாயம் வேண்டும் என்கிறதா இந்தப் பாழும் மனசு? சீ என்று அதை விரட்டிவிட்டுச் சாவியைத் திருப்பினாள்.

முழுதாகத் திருப்பக்கூட இல்லை. தொட்டதுமே பிடித்துக்கொண்டது. நூல் அளவு புகை இல்லை. புது என்ஜின்கூட இப்படி எழுந்திருக்காது. மூன்றாம் வீட்டு ஜன்னலிலிருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

இரண்டு கைகளாலும் ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்புறம் இறங்கி அவர் எதிரில் போய் நின்றாள்.

"கொம்பாத்ரே, மன்னிச்சுக்கோங்க."

"மன்னிக்க என்ன இருக்கு? கார் வாங்க வர்றவங்க சோதிச்சுத்தான் வாங்கணும். அது முறதான்." சட்டைப்பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து நீட்டினார். "வாங்கிக்கிறீங்களா, தோன்யா நெரெய்தா?"

தோன்யா என்பது மரியாதையான வார்த்தைதான். பஸ்ஸுக்குப் பிள்ளையை ஏற்றிவிட வருகிற தாய்மார்கள் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தபால்காரன் கூப்பிடுவான். கெய்ஷ்லா பிறந்த நாளிலிருந்து அன்செல்மோ வாயில் அது வந்ததில்லை, கொமாத்ரே மட்டும்தான். செலேனியா "ஐயோ, ஏங்க..." என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

நெரெய்தா கையை நீட்டிச் சாவியை வாங்கினாள். "வாங்கிக்கிறேன்."

"பேக்கரியிலயே எனக்குப் புரிஞ்சுபோச்சு, நீங்க எதுக்கு ரொட்டிக்கு வந்தீங்கன்னு" என்றார். "அணைக்காதீங்கன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு விட்டுருவீங்கன்னு பாத்தேன்."

"நீங்க அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பயத்தக் குடுத்துச்சு."

"தெரியும்."

வறட்டுப் பிடிவாதம் என்றால் இதுதான். அவள் அவர் காரைச் சோதிக்கப் போனாள், அவர் அவளையே சோதிக்கப் போனார். இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் சமாதானம் பண்ணுவது சுலபம்.

அன்செல்மோ பின்சக்கரங்களைக் காலால் தட்டிப் பார்த்தார். கடையில் நிற்கிற விற்பனைக்காரன் மாதிரி விஷயங்களைச் சொன்னார். ஜில்லுன்னு இருக்கும்போது ரெண்டாம் கியரைத் திணிக்காதீங்க. எண்ணெயை அடிக்கடி பாருங்க. வலது பக்கக் கதவு மழைக்கு மட்டும் ஒட்டிக்கும், தோளால ஒரு தள்ளு தள்ளணும். பத்திரம் எழுத செவ்வாய்க்கிழமை நான் வர்றேன். ஒன்றையும் விடவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அவள் தலையாட்டினாள். கடைசியில் கேட்டை அவரே முழுதாகத் திறந்துவைத்துவிட்டு, வீட்டுக்குள் போய்விட்டார். செலேனியாதான் ஓடிவந்து, தாளில் சுற்றிய கருவாட்டு வடையை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தாள். அவள் கன்னத்தைத் தடவிவிட்டுத் திரும்பினாள்.

நெடுஞ்சாலையில் ஏறுகிற இடத்தில் நெரெய்தா வண்டியை ஓரங்கட்டினாள். பின்னாலேயே வந்த ஓவிதியோவின் வேன் பக்கத்தில் வந்து நின்றது. அவன் ஜன்னல் வழியாக எட்டிப்பார்த்தான். அவள் முகமெல்லாம் ஈரம்.

"கேக்காத கேக்காதன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றான்.

"ஆமா."

"திரும்பிப் போவோமா? கேட்டது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லிரு. வாய் தேஞ்சா போகும்?"

அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"மனசு நோகடிச்சுட்டேன்னு சொல்லுவேன். தினமும் வந்து சொல்லச் சொன்னாலும் சொல்லுவேன். கேட்டது தப்புன்னு சொல்லமாட்டேன் ஓவிதியோ. நாளைக்கே இன்னொருதரம் இப்படி நின்னா, இன்னொருதரமும் கேப்பேன்."

"அவருக்கு அந்த ஒரு வார்த்தையத் தவிர வேற எதுவும் வேண்டாமே, பொண்ணே."

"தெரியும். அதான் அழுறேன்."

அவன் வேனின் வளையத்தை விரலால் தட்டிக்கொண்டிருந்தான். மனசுக்குள் கட்டிவைத்திருந்த வீடு போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவனை இன்னும் இருபது வருஷம் கட்டிக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழம. புள்ள அவருக்குத்தான் முதல்ல போன் போடும்" என்றான். "கெய்ஷ்லாகிட்ட நான் சொல்லட்டுமா?"

"வேண்டாம். ராத்திரியே நான் போட்டுச் சொல்றேன். உன் ஞானத்தகப்பன் பொய் சொல்லல, நான்தான் கேட்டேன்னு சொல்றேன்."

முதல் கியரைப் போட்டாள். அழுகை நிற்கவில்லை. கார் நேராகத்தான் போயிற்று.